ரஷ்ய மொழியில் வானம் 'நெபோ', பன்மையில் 'நெபெஸா'. நடுவில் அந்த 'ஸ்' எங்கிருந்து வந்தது?

நானும் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கியபோது இதே இடத்தில் முட்டிக்கொண்டேன். "விதிவிலக்கு, மனப்பாடம் செய்" என்றார் ஆசிரியர். உண்மையில் ஸ் எங்கிருந்தும் வரவில்லை. முதலிலிருந்தே இருந்தது, ஒருமையில் தொலைந்துபோனதுதான் கதை.

ரஷ்யம், போலிஷ், செக் எல்லாவற்றுக்கும் தாயான மூல ஸ்லாவிய மொழிக்கு எழுத்துச் சான்று இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு மீட்ட வடிவம் என்பதால் முன்னால் ஒரு உடுக்குறி போடுவார்கள். 'வானம்' *நெபோ, 'வானத்தின்' *நெபெஸெ, 'வானத்துக்கு' *நெபெஸி, 'வானங்கள்' *நெபெஸா. பார்த்தால் நம் மரம், மரத்தின் மாதிரி இருக்கும். ஆனால் நம்முடைய 'அத்து' இடையில் வந்து சேரும் சாரியை. இங்கே ஸ் சொல்லின் சொந்த உறுப்பு.

இன்னும் பின்னால் போனால், ஸ்லாவியம், வடமொழி, கிரேக்கம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூல மொழியில் வடிவம் *நெபோஸ், பொருள் மேகம். வடமொழியின் நபஸ், கிரேக்கத்தின் நெஃபோஸ் இரண்டும் இதன் வழிவந்தவை. தமிழ் அகராதியில் வானத்துக்கு 'நபம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுவும் வடமொழி வழியாக வந்த தூரத்துச் சொந்தம்தான்.

சரி, ஸ் எப்படித் தொலைந்தது? ஸ்லாவிய மொழியில் ஒரு கட்டத்தில் சொல்லின் கடைசியில் நின்ற மெய்களெல்லாம் உதிர்ந்தன. *நெபோஸ், நெபோ ஆனது. உருபு ஏறிய வடிவங்களிலோ ஸ் இரண்டு உயிர்களுக்கு நடுவே பத்திரமாக நின்றது. கிரேக்கத்தில் நேர் எதிர்: கடைசி ஸ் பிழைத்தது, நடுவில் இருந்தது தேய்ந்தது. அதனால் 'மேகத்தின்' என்பதற்கு நெஃபெஸோஸ் என்று வராமல் நெஃபெயோஸ் என்று வந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் ரஷ்யர்கள் ஒருமையை 'ஓ'வில் முடியும் மற்ற சாதாரணச் சொற்கள் போலவே, எல்லா வேற்றுமையிலும் ஸ் இல்லாமல் மாற்றிக்கொண்டார்கள். பன்மையில் மட்டும் ஸ் நிலைத்தது. வழிபாட்டில் வழங்கும் பழைய ஸ்லாவிய மொழியில், "பரமண்டலங்களில்" என்று பன்மையிலேயே தினமும் ஜெபித்ததும் அதற்குத் துணை.

எல்லாச் சொல்லும் இப்படிப் போகவில்லை. அதே வகைச் சொல்லான சக்கரம் போலிஷில் ஸ் இல்லாமல் 'கோவோ'. ரஷ்யத்தில் ஸ் ஒருமைக்கே ஏறி 'கலெஸோ'. ஸ்லோவேனியர்களோ இன்றும் எழுவாயில் 'கோலோ', 'சக்கரத்தின்' என்றால் 'கோலெஸா' என்கிறார்கள்.