புகைபோக்கி யாருடையது, கையெழுத்து யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

வடசென்னை அனல்மின் நிலையங்களின் புகை, சாம்பல் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

சுற்றுச்சூழல் என்றால் மத்திய அரசைக் கேள் என்கிறது மாநிலம். மின்சாரம் மாநிலத்தினுடையது என்கிறது மத்திய அரசு. உண்மையில் யார்தான் பொறுப்பு? – மீஞ்சூர் வாசகர்

இரண்டு பேருமே. ஆனால் ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியாக. "அரசு என்ன செய்கிறது?" என்று மொத்தமாகக் கேட்பதால்தான் பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே இருக்கிறது. எந்தத் தாளில் யார் கையெழுத்து என்று பிரித்துக் கேட்டால் நழுவ வழி குறையும்.

மின்சாரம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். புகைபோக்கியில் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வரலாம் என்ற வரம்பையும், அதற்கான கெடுவையும் அறிவிப்பதும் அதுதான். நிலையம் கட்டுவதற்கும், பிறகு இயங்குவதற்கும் இசைவாணை தருவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நேரில் வந்து மாதிரி எடுப்பது, நோட்டீஸ் அனுப்புவது, தேவைப்பட்டால் மூடச் சொல்வது எல்லாம் வாரியத்தின் வேலை. நீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளின்படி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரம்கூட அதற்கு உண்டு. மின்சாரம் தயாரிப்பவரின் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது என்று கேட்காதீர்கள்!

சிக்கல் தொடங்குவது உரிமையாளர் யார் என்று பார்க்கும்போதுதான். வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் மின் நிறுவனத்துடையது: முதல் நிலையில் 3×210, இரண்டாம் நிலையில் 2×600 மெகாவாட், மூன்றாம் நிலையில் 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த 800 மெகாவாட் அலகு (அலகு என்பது தனித்து ஓடும் ஒரு மின் உற்பத்தி இயந்திரத் தொகுதி). பக்கத்திலேயே உள்ள வல்லூர் நிலையம் (3×500) மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் மாநில மின் நிறுவனமும் சரிபாதியாகக் கூட்டு வைத்து நடத்துவது. வாரியத்தின் தலைவரை நியமிப்பது மாநில அரசு. நீர்ச் சட்டம் (1974), காற்றுச் சட்டம் (1981) இரண்டிலும் 18-ஆம் பிரிவைப் படியுங்கள்: மாநில அரசு எழுத்துமூலம் தரும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட்டது. ஆக, மாசு செய்பவருக்கும் அதைத் தட்டிக் கேட்க வேண்டியவருக்கும் எஜமானர் ஒருவரே. வல்லூரில் மத்திய அரசு நிறுவனமும் பங்காளி என்பதால் தில்லிக்கும் கை கழுவ வழியில்லை.

கந்தகத்தை வடிகட்டும் கருவி வருகிறது, வருகிறது என்று பத்து ஆண்டாகக் கேட்கிறோம். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே? – எண்ணூர் வாசகி

முழுதாக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் சொல்லிவிட்டார்கள்.

2015 டிசம்பர் 7 அன்று மத்திய அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகளை அறிவித்தது. 2017-க்கு முன் நிறுவிய அலகு 500 மெகாவாட்டுக்குக் குறைவு என்றால், ஒரு கனமீட்டர் புகையில் கந்தக டை ஆக்சைடு 600 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 500-ம் அதற்கு மேலும் என்றால் 200. 2017-க்குப் பின் வந்தவற்றுக்கு 100. கெடு இரண்டு ஆண்டு, அதாவது 2017 டிசம்பர். அது முடியும் நேரத்தில் 2022 வரை படிப்படியாகத் தள்ளினார்கள். 2021 ஏப்ரலில் நிலையங்களை, இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு தேதி கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் இன்னும் இரண்டு ஆண்டு. 2024 டிசம்பர் கடைசியில் மறுபடியும் மூன்று ஆண்டு. 2025 ஜூலை 11 அறிவிக்கையில் சி பிரிவுக்கு, புகைபோக்கி உயரத்துக்கான நிபந்தனையோடு, விலக்கே கொடுத்துவிட்டார்கள். நாட்டிலுள்ள அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதம் இந்தப் பிரிவு. பி பிரிவை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்களாம். ஏ பிரிவுக்கு மட்டும் 2027 டிசம்பர் கெடு நிற்கிறது.

உங்களுக்கு முக்கியமானது இந்தக் கடைசி வரி. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏ பிரிவு. கத்திவாக்கமும் எண்ணூரும் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இருக்கின்றன. நிலையங்கள் கழிமுகத்துக்கு அக்கரையில். எனவே "எங்களுக்கும் விலக்கு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அறிவிக்கை, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

விலக்குக்குச் சொல்லும் காரணங்களில் பாதி உண்மை இருக்கிறது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவுதான், பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள். புகைபோக்கி 220, 275 மீட்டர் உயரம் இருந்தால் அடிவாரத்தில் வாயு அடர்த்தியாக இறங்காது என்பதும் சரி. ஆனால் உயரம் பரப்புகிறது, குறைப்பதில்லை. காற்றில் போகும் வழியில் கந்தக டை ஆக்சைடு சல்பேட் நுண்துகளாக மாறி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் நுரையீரலில் பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்குள் அடங்கும் நுண்துகள்) ஆகப் போய்ச் சேருகிறது. நிலையத்தைச் சுற்றிக் கந்தக டை ஆக்சைடை மட்டும் அளந்துவிட்டு "வரம்புக்குள் இருக்கிறது" என்று முடிப்பது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது. எங்கள் பார்வையில், 2015-இல் வரம்பு வைத்ததைவிட, கெடு தவறியவர்களிடம் ஒரு முறையாவது கறாராக அபராதம் வசூலிக்காததுதான் பெரிய தவறு. பணம் போட்டுக் கருவி வைத்தவர் ஏமாளி ஆனார்.

அந்தக் கருவி வந்தால் புவி வெப்பமும் குறையுமா? – திருவொற்றியூர் வாசகர்

குறையாது. சுண்ணாம்புக்கல் பொடியை நீரில் கரைத்துப் புகையின் மேல் தெளிப்பார்கள். கந்தகம் அதோடு சேர்ந்து ஜிப்சமாகிறது. அந்த வேதிவினையிலேயே கொஞ்சம் கரியமில வாயு வெளியேறும். கருவியை ஓட்டவும் நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம் செலவாகும். அது மக்கள் மூச்சுக்கான கருவி. 2015 வரம்புகளில் கரியமில வாயுவுக்கு எண்ணே கிடையாது.

சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் ஓடுகிறது. புகார் செய்தால் "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. எப்படிப் புகார் செய்தால் நிற்கும்? – அத்திப்பட்டு வாசகர்கள் இருவர்

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 500 மெகாவாட் அலகு ஒரு நாள் முழு வேகத்தில் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்றால் 8,400 டன். அதில் 34 சதவீதம் சாம்பல் என்று வைத்தால் ஒரே நாளில் சுமார் 2,850 டன். இதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறக்கும் நுண்சாம்பல், மீதி உலையடியில் விழும் கட்டிச் சாம்பல். உலர்ந்த நுண்சாம்பலை சிமென்ட் ஆலை, செங்கல் சூளைக்காரர் லாரியில் எடுத்துப் போவார்கள். எடுக்காததைத் தண்ணீரில் குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். செப்பாக்கம் ஊரை ஒட்டி இருப்பது அப்படி ஒரு குட்டைதான்.

சாம்பல் உப்புத்தாள் போலக் குழாயின் அடிப்பகுதியைத் தேய்க்கும். கடல்நீரில் கரைத்து அனுப்பும் இடத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும். அதனால் உடைப்பு பெரும்பாலும் இணைப்புகளிலும் வளைவுகளிலும்தான். குழாயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சுழற்றி வைத்து, தேய்ந்த அடிப்பகுதியை மேலே கொண்டுவர வேண்டும். தடிமன் குறைந்தால் மாற்ற வேண்டும். இது செய்யாமல் ஓட்டை விழும்போதெல்லாம் ஒட்டுப் போட்டால், பத்தடி தள்ளி அடுத்த ஓட்டை. கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் சாம்பல் படிந்து மேடு தட்டுவதும், இறாலும் மீனும் ஒதுங்கும் பள்ளங்கள் தூர்ந்துபோவதும் இந்த ஒட்டுப் பழக்கத்தால்தான்.

புகாருக்கு வருவோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்த் தனியார் கூடத்தில் சோதித்து அறிக்கை வாங்குகிறார்கள் பலர். உங்கள் புரிதலுக்கு நல்லது. ஆனால் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரிய அலுவலர் நிலையத்தாருக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்ததுதான் அந்தச் சட்டத்தின் கீழ் சான்றாகும். ஆகவே உங்கள் மனுவின் முதல் வேண்டுகோள் "21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கவும்" என்று இருக்கட்டும்.

மனுவில் இடத்தின் ஆயத்தொலைவு (ஜி.பி.எஸ். எண்), தேதி, பார்த்த நேரம், எத்தனை மணி நேரம் ஓடியது, குழாயின் எண் தெரிந்தால் அது, இவ்வளவும் வேண்டும். படத்தில் ஒன்று அருகிலிருந்து, ஒன்று புகைபோக்கியோ பாலமோ தெரியும்படி தூரத்திலிருந்து. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.

பத்து நாள் கழித்து, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் "உரிய நடவடிக்கை" என்று பதில் வரும். அதனால் ஆவணத்தைக் கேளுங்கள்: நடப்பு இசைவாணையின் நகல், அதன் நிபந்தனைகள், கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகள், அந்தத் தேதிக்கு எடுத்த மாதிரியின் முடிவு, நிலையத்துக்கு அனுப்பிய நோட்டீஸ், அதற்கு நிலையம் தந்த பதில். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"மாதிரி எடுக்கவில்லை" என்ற பதிலும் நல்ல ஆவணம்தான். அதையும் சேர்த்து, சேப்பாக்கம் கலச மகாலில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு என்றால் ஐந்து ஆண்டு. ஆறு மாதத்தைத் தவறவிட்டு நிற்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. 2021 டிசம்பர் 31 அறிவிக்கைப்படி சாம்பல் முழுவதையும் மூன்றாண்டுச் சுற்றுக் கணக்கில் பயன்படுத்தியாக வேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய். 300 கிலோமீட்டருக்குள் சாலை, மேம்பாலக் கரை அமைப்பவர்கள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்றும், சாம்பலை இலவசமாகக் கொண்டுவந்து தரும் செலவு நிலையத்துடையது என்றும் இருக்கிறது. ஆக, நெடுஞ்சாலைத் துறையிடமும் ஒரு மனு போடலாம்.

ஆலைப் பலகையில் துகள் 45 என்று போட்டிருக்கிறது. வரம்பு 60 என்கிறார்கள். அப்படியானால் காற்று சுத்தம்தானே? – மணலி வாசகி

இரண்டும் வேறு வேறு அளவைகள், அம்மா. புகைபோக்கிக்குள் அளப்பது மில்லிகிராமில். நாம் மூச்சுவிடும் காற்றை அளப்பது மைக்ரோகிராமில். 45 மில்லிகிராம் என்றால் 45,000 மைக்ரோகிராம். 60 என்பது வெளிக்காற்றில் பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு. ஆண்டுச் சராசரிக்கு 40. 2004-க்கும் 2016-க்கும் இடையே வந்த அனல்மின் அலகின் புகைபோக்கிக்குத் துகள் வரம்பு 50 மில்லிகிராம். பலகையைப் படம் எடுக்கும்போது எண்ணோடு மில்லிகிராமா, மைக்ரோகிராமா என்பதும் தெரியும்படி எடுங்கள்.

சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம் ஒன்று உண்டு. நின்றுபோன அலகை எண்ணெய் ஊற்றி மூட்டும்போது, எரியாத எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் துகள் பிடிக்கும் மின்தட்டுகளுக்கு மின்சாரம் கொடுக்காமல் வைப்பார்கள். அந்தச் சில மணி நேரம் கரும்புகை நேராக வெளியே வரும். எனவே புகாரில் நேரத்தைக் குறிப்பது அவசியம்.

இந்தியாவில் பாதி மின்சாரம் பசுமை மின்சாரம் ஆகிவிட்டது என்று படித்தேன். உண்மையா? – பொன்னேரி வாசகர்

2025 ஜூனில் பாதியைத் தொட்டது நிறுவுதிறன் (எவ்வளவு தயாரிக்க முடியும் என்ற அளவு), தயாரித்த மின்சாரம் இல்லை. 1,000 மெகாவாட் சூரியத் தகடு ஐந்தில் ஒரு பங்கு திறனில் ஓடினால் நாளுக்கு 48 லட்சம் யூனிட். 1,000 மெகாவாட் நிலக்கரி 70 சதவீதத்தில் ஓடினால் 168 லட்சம். திறனில் இரண்டும் சரிபாதி. யூனிட்டில் சூரியன் 22 சதவீதம்தான். நீரும் அணுவும் காற்றும் சேர்த்தாலும் நாட்டில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் உறுதி கொடுத்ததும் திறன் கணக்கில்தான் என்பதால் பொய் என்று சொல்ல முடியாது. அமைச்சர் யாராவது சதவீதம் சொன்னால் மெகாவாட்டா, யூனிட்டா என்று கேளுங்கள்.

தவறு செய்தவர் யாராவது சிறைக்குப் போவார்களா? – கும்மிடிப்பூண்டி வாசகர்

வாய்ப்பு இன்னும் சுருங்கிவிட்டது. 2023-இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம், 2024 ஏப்ரல் 1 முதல் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான சிறைத் தண்டனைகளை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வைத்தது. அதை விதிப்பவர் நீதிபதி அல்லர், அரசு அதிகாரி. கட்டாவிட்டால்தான் சிறை என்ற பேச்சே வரும். 15 லட்சம் என்பது ஒரு பெரிய அலகுக்கு எத்தனை நிமிட வருமானம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்ச் சட்டத்துக்கு 2024-இல் வந்த இதேபோன்ற திருத்தம் தானாக எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். அந்தத் தீர்மானம் வரும் நாளில் உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களிக்கிறார் என்று கவனியுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்னதான் கேட்பது? – எர்ணாவூர் வாசகர்

சட்டமன்ற உறுப்பினரிடம் சாம்பல் குழாயைக் கேளுங்கள், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கந்தகக் கெடுவைக் கேளுங்கள். மாற்றிக் கேட்டால் இருவருமே "பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் பேரவைக்கு வருகிறது, கொள்கை விளக்கக் குறிப்போடு. குழாய் மாற்றுவதற்கு எவ்வளவு ஒதுக்கீடு, எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதிக்குள் என்று அந்த விவாதத்தில் உங்கள் உறுப்பினர் கேட்டு, பதில் அவைக்குறிப்பில் ஏற வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20 மட்டுமே. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லவும், துணைக்கேள்வி கேட்கவும் வழி அதில்தான். எழுத்து மூலம் பதில் வரும் கேள்விகள் 230. குறைந்தது 15 நாள் முன்னால் அறிவிப்பு தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி வந்ததும் கேள்வியின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: "வடசென்னை, வல்லூர் நிலையங்களின் ஒவ்வோர் அலகும் எந்தப் பிரிவில் உள்ளது, கருவிக்கான ஒப்பந்தம் எந்தத் தேதியில் போடப்பட்டது, 2027 டிசம்பருக்குள் முடியுமா?" மூன்று கேள்விக்கு மேல் போனால் பதில் பட்டும் படாமலும் வரும்.