முதலில் குஷன், பிறகு பிராண்ட்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் சோனி அல்லது போஸ் ஹெட்போன் கேட்கிறான். முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்கிறான். இப்போது வைத்திருப்பது மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு. ஒரு மணி நேரம் போட்டாலே காது வலிக்கிறதாம். பத்து மடங்கு விலை கொடுத்தால் பத்து மடங்கு நன்றாகக் கேட்குமா? – ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: கேட்காது. பத்து மடங்குக் கணக்கை இங்கேயே முடித்துவிடலாம். 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். அடிநாதம் முதல் கீச்சு வரை ஒவ்வொன்றையும் எவ்வளவு உரக்கத் தருகிறது என்ற அளவீடு அது. அதற்கும் விலைச் சீட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உள்ளே ஒலியை உண்டாக்கும் டிரைவர் என்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், மெல்லிய பிளாஸ்டிக் படலம். 40 மில்லிமீட்டர் டிரைவரைச் சுத்தமாகச் செய்ய இன்று பெரிய செலவு ஆகாது. அதை எப்படிச் சுருதி சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சுருதி பிடிக்கிறது என்பதை ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஆண்டுக்கணக்கில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். சின்ன கம்பெனியும் அதைப் படித்துப் பின்பற்றலாம். சோனியின் எம்.டி.ஆர்.-7506 என்ற வயர் ஹெட்போன் 1991-ல் வந்தது. அமெரிக்காவில் சுமார் நூறு டாலர். ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் அது ஆணியில் தொங்குகிறது. அதைவிட மூன்று நான்கு மடங்கு விலைக்கு அதே சோனி விற்கும் ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு மூன்று நான்கு மடங்கு நன்றாக இருக்கிறது என்று ஒலிப்பதிவாளர் யாரும் சொல்லமாட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘வலிக்கிறது’. விலையைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள். வலியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எங்கே வலிக்கிறது என்று மகனைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காதுமடல் முழுக்க வலித்தால், அது காதின் மேல் உட்காரும் ‘ஆன் இயர்’ ரகம். மடலில் இருப்பது குருத்தெலும்பு. அதை மண்டையோடு வைத்து ஒரு மணி நேரம் நெருக்கினால் வலிக்கத்தான் செய்யும். எந்த பிராண்டாக இருந்தாலும் இந்த வலி போகாது. காதைச் சுற்றி உட்காரும் ‘ஓவர் இயர்’ ரகத்தில் மடலின் விளிம்பு மட்டும் வலித்தால் குஷனின் ஓட்டை சிறியது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வளர்ந்த ஆணின் காது உயரம் சுமார் ஆறு, ஆறரை சென்டிமீட்டர். உள் ஓட்டை அதைவிடச் சிறிதாக இருந்தால் மடல் மடிந்துதான் கிடக்கும். மடலின் மேல்பகுதி உள்ளே எதிலோ உரசி எரிந்தால் குஷனுக்கு ஆழம் போதவில்லை, காது டிரைவர் துணியில் முட்டுகிறது. நெற்றிப்பொட்டு வலித்தால் மூக்குக்கண்ணாடியின் காம்பு நசுங்குகிறது. உச்சந்தலை வலித்தால் எடை. சோனி டபிள்யூ.எச்.-1000 எக்ஸ்.எம்.5 சுமார் 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் அலுமினியமும் எஃகுமாக 385 கிராம். ஆப்பிளைக் கையில் எடுத்தால் நகை மாதிரி கனமாக, கம்பீரமாக இருக்கும். படுத்துக்கொண்டு படம் பார்க்கிறவன் தலையில் அந்தக் கம்பீரம் இறங்கிவிடும்.

இறுக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு வழி உண்டு. பட்டைக்குள் உலோகத் தகடு ஓடும் ஹெட்போனைத் தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின் மேல் ஓர் இரவு மாட்டி வையுங்கள். தளரும். முழுக்க பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள். கீலுக்குப் பக்கத்தில் கீறல் விட்டு, ஒரு நாள் உடையும்.

குஷனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். கண்ணாடிக் காம்பின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் சந்து விழுந்தாலும் அடிநாதம் அதன் வழியாக ஓடிவிடும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் காணாமல் போய், வலந்தலையின் டணடண மட்டும் மிஞ்சும். சோதித்துப் பார்ப்பது எளிது: பாட்டு ஓடும்போது இரண்டு கோப்பைகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அடிநாதம் சட்டென்று கூடினால் இதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். ‘பேஸ் இல்லை’ என்று ஹெட்போனைத் திட்டுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அந்தக் குஷன் நம் ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்பதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. ‘புரோட்டீன் லெதர்’ என்று விற்பது பாலியூரித்தேன் பூசிய துணி. ஈரக்காற்றும் வியர்வையும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைந்து, கறுப்புச் செதிலாக உதிர்ந்து, காதோரம் மை பூசியது போல ஒட்டிக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். சானிடைசர் போட்டுத் துடைத்தால் சிதைவு வேகமாகும். உலர்ந்த பருத்தித் துணி போதும். வியர்த்த ஹெட்போனை உடனே பெட்டிக்குள் போட்டு ஜிப்பை இழுக்காதீர்கள், அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். வெல்வெட் போன்ற துணிக் குஷன் குளுமையாக இருக்கும், உதிராது. ஆனால் அடைப்பு இளகும். அடிநாதம் கொஞ்சம் குறையும், வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதற்கு குஷன் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, நானே மாற்றலாமா? பேயர்டைனமிக் டி.டி. 770 என்ற வயர் ஹெட்போனில் குஷனின் பின்புறம் ஒரு மெல்லிய உதடு இருக்கும். கோப்பையின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம். பழசைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதிதை மாட்டும்போது ஓரிடத்தில் உதட்டைப் பள்ளத்தில் நுழைத்து, அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரே இழுப்பில் மாட்டப் பார்த்தால் தையல் பிரியும். சோனி எக்ஸ்.எம்.4-ல் குஷன் பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கிறது; தட்டையான பிளாஸ்டிக் நெம்பியை விளிம்பில் விட்டு நெம்பினால் டிக் டிக்கென்று கழலும். ஏர்பாட்ஸ் மேக்ஸில் காந்தம், இழுத்தால் வரும். மலிவு ரகங்கள் பலவற்றில் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். குஷன் உதிர்ந்தால் மொத்தமும் குப்பை.

பசை என்றதும் பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். லிதியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரும், அது இயற்கை. அதை மாற்ற முடியாதபடி உடம்புக்குள் புதைத்து வைப்பது அநியாயம், இந்தப் பக்கத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது: 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும். அதுவரை ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்: பேட்டரி செத்தாலும் வயர் போட்டால் பாடுமா? எக்ஸ்.எம்.4 பாடும். ஏர்பாட்ஸ் மேக்ஸ் வயர் போட்டாலும் சார்ஜ் இல்லாமல் பாடாது.

அப்படியானால் முப்பதாயிரம் எதற்கு? நிசப்தத்துக்கு. வங்கத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன் அமர் போஸ், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர், போஸ் கம்பெனியைத் தொடங்கியவர். 1978-ல் விமானத்தில் போகும்போது கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர எதுவும் சரியாகக் கேட்காமல், அங்கேயே காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல்தான் விற்பனைக்கு வந்தது. மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும். சர்க்யூட் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கும். இரண்டும் மோதி அடங்கும். நிதானமாக உறுமும் தாழ்ந்த சத்தத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும்: விமான இன்ஜின், பஸ்ஸின் டீசல் உறுமல், ஏ.சி., மின்விசிறி. சுமார் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அதன் கை ஓங்காது. குக்கர் விசிலையும் பக்கத்து அறைப் பேச்சையும் தடுப்பது குஷன்தான். இங்கேதான் சோனியும் போஸும் வாங்கிய காசுக்கு உழைக்கின்றன. பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றுகிறவன் காதைக் கெடுத்துக்கொள்கிறான். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. இரைச்சல் அடங்கினால் வால்யூம் தானாக இறங்கும்.

ரயில் பெட்டியில் போனின் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிட்டு எழுபது பேருக்கும் கேட்க வைக்கிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு போடக்கூடாது என்று ரயில்வே விதியே உண்டு. காலை பத்து மணிக்கும் வேண்டாம் என்கிறேன். முந்நூறு ரூபாய்க்கு வயர் இயர்போன் கிடைக்கிறது. உங்கள் மகன் என்ன வாங்கினாலும் அவன் காதுக்கு மட்டும் வாங்குகிறான்; அதற்கே அவனைப் பாராட்டலாம்.

பத்தாயிரம் ரூபாய் கேபிள் போட்டால் ஒலி மாறும் என்கிறவர்களோடு இருப்பது இன்னொரு வழக்கு. மாறாது. கேபிளில் போவது பிளக்கின் கழுத்து. மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்து ஒரு காது ஊமையாகும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்கினால் கேபிளை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் ரிப்பேர்க் கடையில் புதுப் பிளக் வைப்பார்கள். உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளுக்கு எனாமல் பூச்சு இருக்கும். சூடான ஈயத்தில் அதை எரித்துவிட்டுப் பற்றவைக்காவிட்டால் இணைப்பு நிற்காது.

இனி உங்கள் மகனுக்கு. படிப்பது அமைதியான அறையில் என்றால் எம்.டி.ஆர்.-7506 மாதிரி ஒரு வயர் ஹெட்போன் போதும், மிச்சப் பணம் வீட்டில் இருக்கட்டும். டி.டி. 770 என்றால் 80 ஓம் (மின்தடை அளவு) உள்ளதை வாங்குங்கள். 250 ஓமை நேராக போனில் செருகினால் சத்தம் கம்மியாக இருக்கும், கெட்டுப்போனது என்று நினைப்பீர்கள். தினம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் வருகிறான், ஹாஸ்டலில் இருக்கிறான் என்றால் இரைச்சல் அடக்கும் ஹெட்போனுக்குச் செலவு செய்வது நியாயம். அதிலும் பழைய தலைமுறை மாடல் போதும். எக்ஸ்.எம்.4 மடங்கும், பையில் இடம் அடைக்காது. எக்ஸ்.எம்.5-ல் அந்த மடிப்பை எடுத்துவிட்டு, எக்ஸ்.எம்.6-ல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று பாதி விலைக்குக் காட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஆன்லைன் வகுப்பில் ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கையே பயன்படுத்தினால் இணைப்பு ‘போன் கால்’ முறைக்கு மாறி, ஒலி டெலிபோன் மாதிரி சப்பையாகிவிடும். லேப்டாப் அமைப்பில் மைக்குக்கு லேப்டாப்பையே தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கடைக்கு அவனையும் அழைத்துப் போங்கள், கண்ணாடி போடுகிறவன் என்றால் கண்ணாடியோடு. இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம். கொஞ்சம் உரக்கப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பனையாளருக்கும் அது தெரியும். பாடகர் ‘ச’ சொல்லும்போது காதில் ஊசி குத்துகிறதா, குரலுக்கு அடியில் தம்புரா அறுபடாமல் ஓடுகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் இருபது நிமிடம் கடையிலேயே உட்காரச் சொல்லுங்கள். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.