அப்பாவின் ஃப்ளை பெட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா தவறிச் சில மாதங்கள் ஆகின்றன. அப்பா என்பதைவிட நண்பர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும். ஃப்ளை ஃபிஷிங், அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த ‘ஃப்ளை’யை வீசி மீன்பிடிப்பது, அவருக்கு உயிர். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. இரண்டு ராடுகள் (ஒன்று மூங்கில்), ஒரு ரீல், நான்கு ஃப்ளை பெட்டிகள் இருக்கின்றன. மேஜை வைஸில் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிக் கருவி) பாதி கட்டிய ஃப்ளை ஒன்று அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் நன்றாகச் சுத்தம் செய்து கண்ணாடி அலமாரியில் வைக்க எண்ணம். நினைவுக்கூட்டத்தில் பேசவும் சொல்கிறார்கள். ‘மீன்பிடிப்பதில் ஆர்வம் கொண்டவர்’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்போதைக்குத் துடைக்காதீர்கள். நீங்கள் கூட்டத்தில் பேச வேண்டியதில் பாதி அந்த அழுக்கிலும் தேய்மானத்திலும்தான் இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் இருக்கிறபடியே படம் எடுங்கள். பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக எடுங்கள்.

ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் ராடின் நீளமும், அதற்கேற்ற லைனின் (வீசும் தடித்த நூல்) எண்ணும் இருக்கும். 9 அடி, 5 என்றிருந்தால் அது பொதுவான ராடு. ஆறு, ஏரி இரண்டுக்கும் ஆகும். 7 அடி, 3 என்றால் மரக்கிளைகள் கவிந்த சிற்றோடைகளில் நின்றவர். லைன் எண் 8க்கு மேல் போனால் பெரிய மீன், பெரும்பாலும் கடல். இந்த எண் லைனின் எடையைக் குறிக்கிறது. இந்த முறையில் ஃப்ளைக்கு எடை மிகக் குறைவு, வீசப்படுவது லைன்தான். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும்.

கார்க் கைப்பிடியின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் அழுந்திய இடம் லேசாகக் குழிந்து, கறுத்திருக்கும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வீசுகிறவர்களும் உண்டு. அந்தத் தேய்மானம் ஒடுங்கலாக, சற்று முன்தள்ளி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கார்க்கைப் புதிதாக்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். கொடுத்துவிடாதீர்கள்.

பெட்டிகளில் நிறைந்த வரிசைகளைவிடக் காலியான இடங்களைக் கவனியுங்கள். தீர்ந்துபோனவைதான் அவர் நம்பிய ஃப்ளைகள். கழுத்தைச் சுற்றி விறைப்பான இறகு நிற்பவை நீரில் மிதப்பவை. மீன் மேலே வரும்வரை காத்திருக்கிறவர்கள் அவற்றை விரும்புவார்கள். தலையில் உலோக மணி கோத்தவை மூழ்கி அடியில் போகும். பிறகு, தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலைப் பாருங்கள். அது அமுக்கித் தட்டையாக்கப்பட்டிருந்தால், அநேகமாகப் பிடித்த மீனை அதிகக் காயமில்லாமல் திருப்பி விட்டவர். கூட்டத்தில் இந்த ஒரு வரி போதும், ஒரு பக்கப் புகழுரையைவிட நன்றாக இருக்கும்.

இனி பாதுகாப்பு. மூங்கில் ராடை மூலையில் சாய்த்து வைத்தால் வளைந்து அப்படியே நின்றுவிடும். துணிப்பையில் போட்டு, மேல்நுனியிலுள்ள நாடாவால் தொங்கவிடுங்கள். உலோகக் குழாயில் வைப்பதானால் பை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் அடைபட்டால் வார்னிஷ் கொப்பளிக்கும். ராடின் துண்டுகள் சேரும் இணைப்பு இறுகியிருந்தால் முறுக்காதீர்கள், குறடு வேண்டவே வேண்டாம். ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்தது அது. முறுக்கினால் ஒட்டு விடும். இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இணைப்புக்கு இந்தப்பக்கம் ஒரு கையும் அந்தப்பக்கம் ஒரு கையுமாகப் பிடித்து, நேர்கோட்டில் இழுக்க வேண்டும்.

ரீலின் டிராகை (லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் வட்டுகள் நசுங்கியே கிடக்கும். லைனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். கொசுவிரட்டி பூசிய கையோடு தொடக் கூடாது, மேற்பூச்சு இளகிவிடும். நுனியில் இருக்கும் மெல்லிய நைலான் பழசானால் இழுத்ததும் அறும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதில் அவர் கையால் போட்ட முடிச்சு இருக்கிறது. இருபுறமும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி எடுத்து வையுங்கள்.

உண்மையான ஆபத்து பூச்சிகள்தான். பெட்டியின் அடியில் மாவுபோன்ற தூசி, ரோமம் உள்ள பழுப்புத் தோல்கள், மொட்டையான இறகுத்தண்டு ஆகியவை தெரிந்தால், புழு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. காற்றை வெளியேற்றி மூடிய பிளாஸ்டிக் பையில் பெட்டியைப் போட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த முட்களில் நீர்த்துளி படிந்து துருப்பிடிக்கும். அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக் பெட்டிகளை அது இளக வைத்துவிடும். நசுங்கிய இறகுகளை நிமிர்த்த, இடுக்கியில் பிடித்துக் கொதிநீர் ஆவியில் சில விநாடி காட்டினால் போதும்.

வைஸில் இருக்கும் ஃப்ளையை யாரையும் முடிக்க விடாதீர்கள். தொங்கும் நூல்கட்டையின் எடைதான் இதுவரை நூலை இழுத்துப் பிடித்திருக்கிறது. அதைத் தூக்கினால் சுற்று முழுவதும் தளர்ந்து பிரிந்துவிடும். நூல் தளராமல், அது நிற்கிற இடத்திலேயே மூன்று அரைமுடிச்சு போட்டு, ஊசிமுனையால் ஒரு துளி வார்னிஷ் வைத்து, ஒரு நாள் காயவிட்டு நூலை வெட்டுங்கள். அதன் பிறகுதான் வைஸின் தாடையைத் தளர்த்த வேண்டும்.

கண்ணாடி அலமாரியில் இதையும் சில ஃப்ளைகளையும் மட்டும் வைக்கலாம். நேர்வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். ராடு அங்கே வேண்டாம் என்பது என் கட்சி. அவரோடு போன நண்பர் ஒருவராவது இருப்பார். பெட்டியின் படங்களை அவரிடம் காட்டி, காலியான இடத்தில் என்ன இருந்தது, மீன் தப்பினால் அப்பா என்ன சொல்வார் என்று கேளுங்கள். உங்கள் உரை அங்கிருந்து கிடைக்கும். அப்படியே வீசவும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். புல்வெளியில், ஃப்ளைக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, முதலில் மூங்கில் அல்லாத ராடால். அது கார்பனாக இருந்தால் மின்சாரம் பாயும். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.