கென்னர் ப்ரோட்டோடைப்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1978-இல் தொடங்கி 1985 வரை கென்னர் கம்பெனி விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில், கடைக்கு வராமல் கம்பெனிக்குள்ளேயே நின்றுபோன சோதனை மாதிரிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஹார்டுகாப்பி, ஃபர்ஸ்ட் ஷாட் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலில் மெழுகில் செதுக்குவார்கள், அதன்மேல் சிலிகோன் அச்சு எடுத்து, அதில் பிசின் (ரெசின் என்னும் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) ஊற்றி வார்த்தால் ஹார்டுகாப்பி. அதைப் பார்த்துத்தான் எஃகு அச்சு தயாராகும். அந்த எஃகு அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதன்முதலில் பிளாஸ்டிக் செலுத்தி எடுப்பது ஃபர்ஸ்ட் ஷாட். முன்னது கைவேலை, பின்னது இயந்திர வேலை. சோதிக்கும் முறையும் அதனால் வேறு.

கேள்வி: பச்சைப் பிசினில் ஒரு ஹார்டுகாப்பி விலைக்கு வருகிறது அண்ணா. படத்தில் அசலாகத்தான் தெரிகிறது. வாங்கலாமா?

அளந்து பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில். கென்னர் பயன்படுத்திய டைனாகாஸ்ட் பிசின் பெரும்பாலும் பச்சைதான், ஆனால் பச்சைச் சாயம் யாருக்கும் கிடைக்கும். அளவை ஏமாற்றுவதுதான் கடினம். ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் கொஞ்சம் சுருங்கும் என்பதால், அதற்கு இடம் விட்டு ஹார்டுகாப்பியைக் கடைப் பொம்மையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் செய்திருப்பார்கள். கடையில் வாங்கிய பொம்மையை அச்செடுத்து வார்க்கிறவனுக்கு நேர்மாறாக, அசலைவிடச் சிறியதுதான் கிடைக்கும். நானே ஒரு தடவை மாட்டினேன். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததும் அப்படியொரு சந்தோஷம், இரவு பதினொரு மணிக்கு வெர்னியரை எடுத்து அளந்தால் தலை முதல் பாதம் வரை கடைப் பொம்மையைவிட ஒரு மயிரிழை குட்டை, விற்றவர் அதற்குள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது 3டி பிரிண்டில் பெரிதாக்கியும் செய்கிறார்கள். அங்கியின் மடிப்புகளில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், தோசையில் கரண்டி ஓடிய தடம்போல வரிவரியாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஸ்டார்ம்ட்ரூப்பர் (படத்தில் வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய்) நீல நிறம். காலில் காப்பிரைட் எழுத்தும் இல்லை. ஃபர்ஸ்ட் ஷாட் தானே?

இருக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். ஃபர்ஸ்ட் ஷாட்டுக்கு அந்த நேரத்தில் கையில் இருந்த பிளாஸ்டிக்கையே போடுவார்கள், அதனால் நிறம் ஏறுமாறாக இருக்கும், எழுத்தும் பல நேரம் இருக்காது. ஆனால் 80-களில் போலந்தில் அடித்த கள்ளப் பொம்மைகளும் கண்ட கண்ட நிறத்தில்தான் வந்தன. ஃபர்ஸ்ட் ஷாட் அசல் எஃகு அச்சிலேயே வந்தது என்பதால் நுணுக்கம் கூர்மையாக இருக்கும், கள்ளப் பொம்மையில் முகமே மழுங்கியிருக்கும். அப்புறம் அந்தக் கால் பகுதி. எழுத்து அச்சிலேயே இல்லாத இடமும் எழுத்தைச் சுரண்டி எடுத்த இடமும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள், உப்புத்தாள் போட்ட இடம் மங்கலாகி மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாமா, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் (ஸ்டார் வார்ஸ் பாத்திரம்) பொம்மை கொடுத்தார். 1979-இல் தபாலில் வந்ததாம். கோடீஸ்வரன் ஆகிவிட்டேனா?

தபாலில் வந்தது என்றாலே அது இல்லை! ராக்கெட் பாயும் என்று அட்டையில் விளம்பரம் செய்தது உண்மை. ஆனால் 1978 கடைசியில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற டிவி தொடரின் பொம்மை ஒன்றின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். அதன் பிறகு கென்னர் அந்த வசதியைக் கைவிட்டு, தபாலில் போனவற்றில் ராக்கெட்டை ஒட்டியே அனுப்பியது. ஆகப் பாய்கிற ராக்கெட்டோடு எந்தப் பிள்ளை கைக்கும் அது போகவில்லை, இருப்பவை எல்லாம் கம்பெனிக்குள்ளிருந்து வெளியே வந்தவை. முதுகில் ராக்கெட் பொறி நகரும் காடி எல் வடிவத்தில் இருந்தால் ஒரு வகை, ஜே வடிவத்தில் இருந்தால் இன்னொரு வகை. ஜே வகை ஒன்று 2019-இல் 1,85,850 டாலருக்கு ஏலம் போனது, கையால் வண்ணம் பூசிய ஒன்று 2024-இல் 5,25,000 டாலர். உங்களுடையது முழங்கால் மடங்குகிறதா பாருங்கள். அசலில் தலை, இரண்டு கை, இரண்டு கால், அவ்வளவுதான் அசையும். மடங்கினால் 2010-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி தபாலில் தந்த நினைவுப் பதிப்பாக இருக்கலாம். மாமா பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை, வருஷம் குழம்பியிருக்கும்.

கேள்வி: முன்னாள் ஊழியரின் கடிதம் இருந்தால் போதுமா சார்?

போதாது. கடிதம் எந்தப் பொருளைப் பற்றியது என்று அதில் இருக்கிறதா? படம், அளவு, கீறல் எதுவும் இல்லாமல் ‘நான் அங்கே வேலை பார்த்தேன்’ என்று மட்டும் இருந்தால் அதே காகிதத்தை நாளைக்கு வேறு பொம்மையோடும் வைத்து விற்கலாம்.

கேள்வி: ‘ரிவெஞ்ச் ஆஃப் த ஜெடை’ என்று அச்சான அட்டை போலிதானே? படத்தின் பெயர் ‘ரிட்டர்ன்’ ஆயிற்றே?

இல்லை இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! பெயர் மாறும் முன்பே கென்னர் அடித்த சோதனை அட்டைகள் நிஜமாகவே இருக்கின்றன. அவை பொம்மை வைக்காத வெறும் அட்டைகள், அதனால் பொம்மையை மூடும் பிளாஸ்டிக் குமிழ் ஒட்டிய பசைத் தடம் இருக்கக்கூடாது. லென்ஸில், அச்சகத்தில் அடிக்கும் ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் பூப்போல ஒழுங்காகத் தெரிய வேண்டும், இங்க்ஜெட் என்றால் பொடி தூவியதுபோல் சிதறிக் கிடக்கும். படம் எடுத்து அனுப்புங்கள், அட்டையின் ஓரமும் பின்பக்கமும் சேர்த்து.