அட்வான்ஸுக்கு முன்பா, பத்திரத்துக்குப் பிறகா: வீட்டு மனையை எப்போது அளப்பது?

கேள்வி: காட்பாடி கழிஞ்சூர் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். 30க்கு 40, மொத்தம் 1,200 சதுர அடி என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு வாங்குவது இதுதான் முதல் தடவை. விற்பவர் அடுத்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். "பத்திரம் முடிந்ததும் சர்வேயரே வந்து அளந்து கொடுப்பார், இப்போது எதற்கு வீண் செலவு?" என்கிறார் புரோக்கர். அளக்காமல் பணத்தைக் கொடுக்காதே என்கிறார் என் மாமா. யார் சொல்வது சரி?
– வாசகி, காட்பாடி

பதில்: மாமா சொல்வதுதான் சரி. பத்திரத்துக்குப் பிறகு சர்வேயர் வருவது உட்பிரிவு செய்து, அதாவது ஒரே சர்வே எண்ணில் உள்ள நிலத்தில் உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து, தனிப் பட்டா கொடுப்பதற்காக. நீங்கள் வாங்கும் இடம் ஏற்கெனவே தனி உட்பிரிவு எண்ணாக இருந்தால் அவர் வரவே மாட்டார்; பட்டாவில் பெயர் மட்டும் மாறும். அப்படியே வந்து, 50 சதுர அடி குறைகிறது என்று சொன்னாலும் அதற்குள் பணம் முழுவதும் கைமாறியிருக்கும். விற்றவர் ஒத்துவராவிட்டால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

முதலில் செலவில்லாத வேலைகளை முடியுங்கள். விற்பவரிடம் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். வில்லங்கத்தை (அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டாவையும் புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) வருவாய்த்துறை இணையதளத்திலும் நீங்களே பார்க்கலாம். டவுன் சர்வே (நகர நில அளவை) முடிந்த பகுதி என்றால் பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருக்கும், பதிவேட்டில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்பதை வக்கீலிடம் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

காகிதம் சரியாக இருந்தால், சிறு டோக்கன் தொகையோடு நிறுத்திக்கொண்டு உரிமம் பெற்ற தனியார் நில அளவரை வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். இதற்கு விற்பவர் சம்மதம் போதும், அரை நாளில் முடிந்துவிடும். இந்த அளவுக்கு அரசுப் பதிவில் இடமில்லை. ஆனால் ஒப்பந்தம் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இதுவே போதும்.

அரசு சர்வேயர் வந்து அத்து (மனையின் எல்லை) காட்டுவது, அதாவது எஃப் லைன் அளவு, அடுத்த கட்டம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த விண்ணப்பத்தைப் பட்டாதாரர்தான் போட வேண்டும். வாங்கப் போகிறவர் போட முடியாது. பக்கத்து மனைக்காரர்களுக்கும் அறிவிப்புப் போகும். தேதி எப்போது கிடைக்கும் என்பது தாலுகா அலுவலகத்தின் வேலைச் சுமையைப் பொறுத்தது. ஆகவே ஒரு மாதக் கெடுவில் ஒப்பந்தம் போடாதீர்கள். 90 நாளாவது கேளுங்கள். வங்கிக் கடனுக்கும் அந்த அவகாசம் உதவும்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: விலை மொத்தமாக இல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்பது, எஃப் லைன் விண்ணப்பத்தை இத்தனை நாளுக்குள் விற்பவர் போடுவார் என்பதும், கட்டணம் யார் செலவு என்பதும், அளவு குறைந்தால் அந்த விகிதத்தில் விலை குறையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும் என்பது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 5 லட்சத்தை ஒரே தடவையில் கொடுக்காமல், ஒரு பகுதியை ஒப்பந்தம் பதியும் நாளிலும் மீதியை எஃப் லைன் முடிந்த பிறகும் தருவதாகப் பேசிப் பாருங்கள். நியாயமான விற்பனையாளர் இதை மறுக்க மாட்டார். மறுத்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

கேள்வி: அளக்கும் நாளில் நாம் என்ன கவனிக்க வேண்டும்? அளவரின் கருவியும் கணக்கும் நமக்குப் புரிவதில்லையே.
– வாசகர், குடியாத்தம்

பதில்: அளவர் வைக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. 'எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். புல வரைபடத்தில் உள்ள சர்வே கல்லிலிருந்து ஆரம்பித்தால் சரி. பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரிலிருந்தோ தார் ரோட்டின் ஓரத்திலிருந்தோ டேப்பைப் பிடித்தால் அந்த அளவை நம்பாதீர்கள். பக்கத்துச் சுவர் ஓரடி தள்ளிக் கட்டப்பட்டிருந்தால் அந்தத் தவறு அப்படியே உங்கள் மனைக்கு வரும், உங்களிடமிருந்து அடுத்த மனைக்கும் போகும். ஒரு தெருவே நகர்ந்து கிடப்பது இப்படித்தான். கல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல கற்கள் ஓரடி ஆழத்தில் புதைந்துதான் இருக்கும்.

புல வரைபடம் மீட்டரில் இருக்கும், பத்திரம் அடியில் இருக்கும். 30 அடி என்பது 9.14 மீட்டர், 40 அடி என்பது 12.19 மீட்டர். 1,200 சதுர அடி என்றால் 111.5 சதுர மீட்டர், அதாவது 2.75 சென்ட். பட்டாவில் ஏர் கணக்கு இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பத்திரங்களில் சர்வே எண்ணும் விஸ்தீரணமும் இன்றைய பட்டாவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதை வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள்.

நான்கு பக்கமும் சரியாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். 30க்கு 40 மனை செவ்வகமாக இருந்தால் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 45 அடிதான் வருகிறது என்றால், பக்கங்கள் அப்படியே இருந்தாலும் பரப்பு 1,176 சதுர அடிதான். 24 சதுர அடி போவதோடு மூலை சாய்ந்திருப்பதால் அறைகளும் கோணலாகும்.

சுவரையும் கேளுங்கள். 9 அங்குல காம்பவுண்டு சுவர் முழுவதும் உங்கள் மனைக்குள் இருக்கிறதா, பாதியா, பக்கத்து மனையிலா? 40 அடி நீளத்துக்கு அந்தச் சுவர் மட்டுமே 30 சதுர அடி. அது பொதுச்சுவர் என்றால் பத்திரத்தில் அப்படி எழுத வேண்டும்.

கேள்வி: வங்கியிலிருந்து இன்ஜினீயர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் தனியாக ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டுமா? சத்துவாச்சாரியில் மாடி வீடு, கட்டி 25 வருடம் இருக்கும்.
– வாசகர், வேலூர்

பதில்: பார்க்க வேண்டும். கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதைப் பார்க்கத்தான் வங்கி இன்ஜினீயர் வருகிறார். கூரையில் கம்பி துருப்பிடித்திருப்பதைச் சொல்வது அவர் பொறுப்பில்லை. உங்கள் இன்ஜினீயரைக் காகிதம் சரி என்று வக்கீல் சொன்ன பிறகு, ஒப்பந்தத்துக்கு முன்பு வரச் சொல்லுங்கள். அதற்கு முன்பு கூப்பிட்டால், வில்லங்கத்தில் சிக்கல் வந்து வீட்டைக் கைவிடும்போது அந்தப் பணம் வீண்.

குளியலறைக்குக் கீழே உள்ள தளம், சன்ஷேடு, படிக்கட்டின் அடிப்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில்தான் முதலில் கம்பி துருப்பிடிக்கும். சுத்தியால் தட்டினால் வெற்றொலி வரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். வீடு முழுவதும் பழைய பெயின்ட் இருக்க, ஓர் அறையில் மட்டும் புது பெயின்ட் என்றால் அங்கே அதிக நேரம் செலவிடச் சொல்லுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மேலே மாடி எழுப்பியிருந்தால் அந்த மாடிக்கு வங்கி மதிப்பு போடாமல் விடலாம். உங்கள் கைக்காசு அந்த அளவுக்குக் கூடும்.

கேள்வி: மழைக்காலத்தில் அளக்கலாமா, கோடை வரை காத்திருக்கலாமா? ஏரிக்குப் பக்கத்து மனை.
– வாசகர், வேலூர்

பதில்: அளக்கக் கோடை நல்லது. புல் காய்ந்திருக்கும், கல் தெரியும், போரில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் மே மாதத்தில்தான் உண்மையாகத் தெரியும். ஆனால் ஏரி, வாய்க்கால் பக்கத்து மனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை பார்க்காமல் வாங்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். உங்கள் மனைக்கு மட்டும் புல வரைபடம் எடுத்தால் போதாது. சுற்றியுள்ள சர்வே எண்களுக்கும் எடுத்து, அ-பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) அவற்றின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால், எஃப் லைன் அளவு முடியும் வரை டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் வீடு பார்க்கிறோம். போர் தண்ணீரைச் சோதிப்பது அவசியமா?
– வாசகி, வாலாஜா

பதில்: அவசியம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட விவகாரம் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. மோட்டாரைப் பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டு, அதன் பிறகு மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க நல்லது. வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் குடிநீருக்கான தனிச் செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். தோல் ஆலைகளுக்கு அருகில் என்றால் குரோமியத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்; கையில் பிடித்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது.