கணினி ஓரவஞ்சனை செய்யுமா? சேலத்துக் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: அண்ணா, ஒரு கடன் செயலி என்னைத் தள்ளிவிட்டது. சாதி, மதம் எதையும் அது கேட்கவில்லையே, பாகுபாடு எங்கிருந்து வரும்?

கேட்கவே வேண்டியதில்லை. பின்கோடு, போன் மாடல், கணக்கில் பணம் வந்துபோகும் விதம் இவையே பாதியைச் சொல்லிவிடும். உங்கள் தொழிலில் ரொக்கம்தான் அதிகம் புழங்குகிறது. செயலி கற்ற பழைய தரவில் மாதச் சம்பளக்காரர்களே நிறைந்திருந்தால், நீங்கள் அதற்கு முன்பின் தெரியாத ஆள். ‘சாதி விவரத்தையே நீக்கிவிட்டோம்’ என்பது வெறும் சமாதானம். அதைத் தனியே வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவினரை எத்தனை பேர் தள்ளியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால்தான் பிழை தெரியும்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது, தங்கச்சி. அமேசான் 2014-ல் தொடங்கிய மென்பொருள் பத்தாண்டு விண்ணப்பங்களில் பயின்றது. அவை பெரும்பாலும் ஆண்களுடையவை. ‘பெண்கள்’ என்ற சொல் தென்பட்டாலே மதிப்பைக் குறைத்தது. 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தியில் விஷயம் வெளியே வந்தது.

ஏற்காடு, காப்பித் தோட்ட மேஸ்திரி: முகம் பார்க்கும் வருகைக் கருவி எங்கள் பெண்களை அடிக்கடி தவறவிடுகிறதே?

2018-ல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கணினி ஆய்வாளர்கள், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை. உங்கள் கருவியிலும் இதுபோன்ற குறை இருக்கலாம். உங்கள் கருவியை, தலையில் துண்டு கட்டிய உங்கள் ஆட்களை வைத்தே, பனிமூட்டக் காலையில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை பழைய நோட்டும் இருக்கட்டும். கருவி தவறவிட்டதற்காகக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

அம்மாப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தரவு சுத்தமாக இருந்தால் போதாதா?

போதாது சார். எதை அளக்கிறோம் என்பதிலேயே கோளாறு இருக்கலாம். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவ உதவி தேவை என்று கணிக்க, நோயை அளக்காமல் செலவை அளந்தார்கள். யாருக்குத் தாகம் என்று அறிய, இளநீர் வாங்கியவர்களை எண்ணுவதுபோல. காசில்லாதவனுக்குத் தாகமே இல்லை என்றாகிவிடும்! கறுப்பினத்தவருக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு; அதனால் நோய் முற்றியவரும் விடுபட்டார். கூடுதல் உதவி பெறுவோரில் அவர்கள் 17.7 சதவீதம். குறையைச் சரிசெய்தால் 46.5 ஆகும் என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. தரவில் பொய் ஒன்றும் இல்லை, கேள்விதான் தப்பு.

பட்டறைக்காரர் மறுபடி: சரி, இப்போது நான் என்ன செய்வது?

மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். அதில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லி விண்ணப்பியுங்கள்.