நிலத்தை விற்பதற்கு முன்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்)

கேள்வி: சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் அவிநாசிப் பக்கம். என் கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒரே கம்பெனியில் 6 வருடம். மாதம் 15 ஆயிரம் வரும். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இதுவரை காய்ச்சல் மாத்திரை தவிர எதுவும் வாங்கியதில்லை. எங்கள் மகனுக்கு 4 வயது. ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். கால் வலிக்கிறது, தூக்கு என்று அழுவான். முகம் வெளுத்து, தொடையில் நீலம் நீலமாகத் தழும்பு. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஏ.எல்.எல்.’ என்ற ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். 12 லட்சம் ஆகுமாம், முதலில் 2 லட்சம் கட்ட வேண்டுமாம். மாமனார் பேரில் ஒரு ஏக்கர் இருக்கிறது. கொழுந்தனார் இந்த வாரமே கிரயம் பண்ணிவிடலாம் என்கிறார். மாமியார் நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார். நாங்கள் முன்பு சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்ததா? நான் செய்த தப்பா? என் பிள்ளை பிழைப்பானா?

– பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், தாயி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் உங்கள் காதில் ஏறும்.

பிழைக்கக்கூடிய நோய் இது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது இந்த ஏ.எல்.எல்.தான், நன்றாகக் குணமாகக்கூடிய வகைகளில் ஒன்றும் இதுவே. வசதியுள்ள நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். மருந்து அங்கும் இங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். நம் பக்கம் அந்தக் கணக்கு குறைவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள்: சிகிச்சை நடக்கும்போது வரும் கிருமித்தொற்று, சிகிச்சையைப் பாதியில் விடுவது. இரண்டாவது பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதை எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது.

உங்கள் தப்பா என்றால், இல்லை. ரத்தம் உற்பத்தியாகும் இடத்தில் ஒரு செல் வழி தவறிப் பெருகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு அது ஏன் நடந்தது என்று டாக்டர்களாலேயே பெரும்பாலும் சொல்ல முடியாது. வார்டுக்கு வந்த எல்லாத் தாய்மாரும் இதையே கேட்டார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தேனே என்றார் ஒருவர். பப்பாளி சாப்பிட்டேனே என்றார் இன்னொருவர். பையனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் இந்தப் பாரத்தையும் தூக்காதீர்கள்.

இப்போது பணம். நிலத்தை இந்த வாரம் விற்க வேண்டாம். அவசரத்தில் விற்கிற நிலத்துக்கு யாரும் உரிய விலை தரமாட்டார்கள். ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் ஏதாவது ஓர் இடத்தில் தொடங்கியாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு வரி இருக்கிறது: இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு என்பது. காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும் உள்ள அட்டை இல்லை அது. தொழிலாளியின் மனைவி மக்களுக்கும் முழு மருத்துவம் உண்டு, இவ்வளவுதான் செலவு செய்வோம் என்ற உச்சவரம்பு கிடையாது. புற்றுநோய் மாதிரிப் பெரிய வைத்தியத்துக்கு அவர்களே ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதி அனுப்புவார்கள். அங்கே நீங்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சம் இத்தனை காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. உங்கள் கணவர் 6 வருடம் கட்டியிருப்பதால் அந்தக் கவலை இருக்காது. நாளைக் காலையில் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மஜ்ஜை ரிப்போர்ட்டோடு போங்கள். போவதற்கு முன் கம்பெனி ஹெச்.ஆரிடம் ஒன்று கேளுங்கள்: இ.எஸ்.ஐ. பதிவில் பையனின் பெயர் ஏறியிருக்கிறதா? கல்யாணமான புதிதில் மனைவி பெயரோடு நின்றுபோன பதிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறந்த சான்றிதழும் ஆதாரும் இருந்தால் சேர்த்துவிடலாம்.

இ.எஸ்.ஐ. இல்லாத மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். இங்கேயும் அதே சிக்கல் வரும், ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போதே சேர்த்து வையுங்கள்.

பி.எஃப்.பில் குடும்பத்தினர் சிகிச்சைக்கென்று முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். நகை இருந்தால் விற்காமல் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வையுங்கள். மீட்டர் வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். குழந்தை குணமான பிறகும் அந்தக் கடன் முடியாமல் ஊரை விட்டே போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சமூகப் பணியாளர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். எந்த அறக்கட்டளை எதற்கு உதவும், தங்க எங்கே இடம் கிடைக்கும், எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். பெரிய டாக்டரைப் பார்க்க நாலு மணி நேரம் காத்திருப்பவர்கள், பக்கத்து அறையில் இவர் இருப்பது தெரியாமலே போய்விடுகிறார்கள்.

சென்னைக்கோ வேலூருக்கோ போக நேர்ந்தால், மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் பையனுக்குக் கட்டணமே இல்லை. கூட வரும் ஒருவருக்கு அந்த இரண்டிலும் 75 சதவீதச் சலுகை உண்டு. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கியது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. என்று வழிகள் உண்டு. ஆனால் பக்கத்தில் நல்ல இடம் கிடைத்தால் பக்கத்திலேயே பாருங்கள். இந்தச் சிகிச்சை இரண்டரை வருடம் போல ஓடும். தூரம் கூடக் கூடச் சம்பள நாள் குறையும்.

மருந்துக்கே 12 லட்சமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இந்த நோய்க்கான முக்கிய மருந்துகள் பெரும்பாலும் பழையவை, விலை மிக அதிகமில்லை. முதுகுத்தண்டில் மஞ்சளாக ஒரு ஊசி போடுவார்கள், மீத்தோட்ரெக்ஸேட். அந்த வகை மருந்துகள் பிறந்ததில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் கை உண்டு. பீமவரத்துக்காரர், எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தில் அவர் குழு செய்து கொடுத்த மருந்தைத்தான் 1947-இல் பாஸ்டனில் ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பெயர் தெரிந்ததும் கைவிடப்பட்ட நோய் இது. நான் ஒவ்வொரு முறை அந்த மஞ்சள் மருந்தை ஊசியில் ஏற்றும்போதும் சுப்பாராவை நினைத்துக்கொள்வேன். செலவை ஏற்றுவது மருந்தைவிட அறை வாடகை, தொற்று வந்தால் ஐ.சி.யு., பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) ஏற்றுவது, பிறகு பஸ், சாப்பாடு, போன சம்பளம். பிளேட்லெட் தானத்துக்குக் கணவருடைய கம்பெனிப் பையன்களின் பெயரும் ரத்த வகையும் போன் நம்பரும் எழுதி ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்குத்தான் அது தேவைப்படும்.

முதல் மாதம் கடினம். ஸ்டீராய்டு மருந்து போகும்போது குழந்தைக்கு அகோரப் பசி எடுக்கும். எங்கள் வார்டில் 5 வயதுச் சிறுமி ஒருத்தி, ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து ‘தயிர்சோறு, தொட்டுக்க அப்பளம்’ என்று தெளிவாகக் கேட்பாள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை ஆடாமல் இருக்க அட்டை வைத்துத் துணி சுற்றியிருப்போம். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அள்ளிச் சாப்பிடுவாள். அம்மா தினமும் தூங்குவதற்கு முன் சோற்றை வடித்து, ஸ்டீல் டப்பாவில் மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார். உங்கள் பையனுக்கும் முகம் நிலா மாதிரி ஊதும், எரிந்து விழுவான், முடி தலையணையில் கொத்தாகக் கிடக்கும். எல்லாம் பிறகு பழையபடி ஆகிவிடும்.

நான் சொல்லாமல் விட முடியாது என்றது இனிதான். அந்த மாதம் முடிந்ததும் மறுபடி மஜ்ஜை பார்ப்பார்கள். பெரும்பாலும் ‘புற்றுசெல் தெரியவில்லை’ என்று வரும். பையன் ஓடுவான், சண்டை போடுவான், நோயே இல்லாத பிள்ளை மாதிரி இருப்பான். அப்போதுதான் குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு தகப்பனார், ‘சரியாப் போச்சு சிஸ்டர், சூளை ஆரம்பிச்சிட்டாங்க, போயிட்டு வர்றோம்’ என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ‘தெரியவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு என்று அவரை உட்கார வைத்து நான் விளக்கவில்லை. அன்று வார்டில் 40 குழந்தைகள். ஏழு மாதம் கழித்துப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நோய் திரும்பியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: டாக்டர் முடிந்தது என்று சொல்லும் நாள் வரை, பையன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிறுத்தாதீர்கள். பணம் தீர்ந்துபோனாலும் போய் நின்று ‘பணம் இல்லை’ என்று சொல்லுங்கள். வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாது, பக்கத்து கிளினிக்கில் ஊசியும் கூடாது. நேரே வார்டுக்குப் போங்கள், ராத்திரி ஆனாலும். தேதி போட்டு ஹீமோகுளோபின், வெள்ளை அணு, பிளேட்லெட் கவுண்ட் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள், பேரன் மேல் உள்ள பாசம் அது. ஆனால் இலைச்சாறு, சூரணம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. பச்சைச் சாற்றில் கிருமி இருக்கும், சில மருந்தோடு மோதும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர், சூடாக இட்லி, நன்றாக வெந்த பருப்பு, இதையெல்லாம் அவரைவிட நன்றாக யார் செய்ய முடியும்?

கேள்வி: என் ஒன்றாம் வகுப்பில் இப்படிச் சிகிச்சை பெற்ற சிறுமி ஒருத்தி திரும்பி வரப்போகிறாள். தலையில் முடி இல்லை. ஒட்டிக்கொள்ளுமா என்று மற்ற பெற்றோர் கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

– ஆசிரியை, மணப்பாறை

பதில்: ஒட்டாது, டீச்சர். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்துதான் சளியும் காய்ச்சலும் அவளுக்கு ஒட்டும். பெற்றோரிடம் அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். முடி பற்றிப் பிள்ளைகள் கேட்டால், ‘மருந்து சாப்பிட்டதால் போச்சு, மறுபடி வளரும்’ என்று அவள் எதிரிலேயே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். சளி பிடித்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். மதியம் வீட்டுச் சாப்பாடே சாப்பிடட்டும், ஆனால் தனியாக அல்ல, எல்லோரோடும். வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டது தெரிந்தால் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இராமல், அன்று மாலைக்குள் அவள் அம்மாவுக்குப் போன் செய்துவிடுங்கள்.